ஞாயிற்றுக்கிழமை வாய்தா

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என் நாற்காலியில் உட்கார்ந்த பெண். வழக்கறிஞர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் ஒழுங்குக் குழுவின் அலுவலகத்தில் இப்போது பிரிவுக் கண்காணிப்பாளர்.

"மேடம், புகார் படிவத்துல புதுசா ஒரு கட்டம் போட்டிருக்காங்க. 'எதிர்மனுதாரருக்கு மனநல உதவி தேவையா? ஆம், இல்லை'ன்னு. இதை யாரு டிக் பண்ணணும்? புகார் குடுக்க வர்றவங்களா, நானா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்தக் கட்டத்தைப் போட்ட மகராசன் எவனோ, அவனையே வந்து டிக் பண்ணச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். "கோபப்படாதீங்க மேடம். எங்களுக்கு நெஜமாவே தெரியல. நீங்க பார்த்த கேஸை எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்கிற ரெண்டு பேருக்கும் படிக்கக் குடுக்கறேன்."

சரி, எழுதுகிறேன். கோபப்படாமல் எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. லேத்துப் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே படித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, தட்டச்சராகச் சேர்ந்தேன். வீட்டு முனையில் பஸ் ஏறினால் பாரிமுனையில் அலுவலகம். முதலில் பிறர் சொன்னதை அடித்தேன், பிறகு பிறர் அடித்ததைத் திருத்தினேன், கடைசியில் பிரிவே என் கைக்கு வந்தது. என் உத்தியோக வளர்ச்சி இவ்வளவுதான்.

வேலை இதுதான். வக்கீல் ஏமாற்றிவிட்டார் என்று ஒருவர் புகார் கொண்டுவருவார். எண் போட்டு, நகல் எடுத்து, அந்த வக்கீலுக்கு (எங்கள் காகிதத்தில் அவர்தான் எதிர்மனுதாரர்) பதிவுத் தபாலில் அனுப்புவோம், ஒப்புகை அட்டையோடு. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அட்டை எங்களுக்குத் திரும்பி வரும். கோப்பில் தைப்போம். வாங்க மறுத்தாலும் சட்டப்படி வாங்கியது மாதிரிதான். குறித்த நாளுக்குள் பதில் வர வேண்டும். அப்புறம் மூன்று மூத்த வக்கீல்கள் கொண்ட குழு உட்காரும். இரண்டு பக்கமும் கேட்டபின் கண்டித்து அனுப்பலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யக் கூடாதென்று நிறுத்தி வைக்கலாம், அல்லது பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். நீக்கிவிட்டால் அந்தக் கறுப்புக் கோட்டு போனது போனதுதான்.

வக்கீல்களுக்காக நான் உருகுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வருடம் அவர்களுடைய அழுக்குத் துணியைத் துவைத்தவள் நான். கட்சிக்காரரின் கையெழுத்தைத் தானே போட்டு எதிராளியோடு ராஜி பண்ணிவிட்ட ஒருவர் விசாரணைக்கு மருத்துவச் சான்றிதழோடு வருவார். 'கடுமையான மன உளைச்சல்.' அடுத்த விசாரணைக்கும் அதே சான்றிதழ், தேதி மட்டும் வேறு. மூன்றாவது முறை அவர் வராந்தாவில் நின்று ஜூனியரோடு பஜ்ஜி தின்றபடி கெக்கெக்கே என்று சிரித்ததை நானே பார்த்தேன். உள்ளே வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி ஆட்கள் கெடுத்ததில்தான் உண்மையிலேயே மனசு உடைந்தவன் வந்து நின்றபோது நம்ப ஆள் இல்லாமல் போனது. இவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

குழுவின் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த தலைவர்களில் அதிக காலம் இருந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகப்பு தன் பக்கம் இருக்கும்படி மேஜையில் வைப்பார். பேனா மூடியைக் கழற்றிக் கடிகாரத்துக்கு இடப்பக்கம் வைப்பார். "பக்க எண் சொல்லுங்க" என்பார். பக்க எண் இல்லாத காகிதம் அவருக்குக் காகிதமே கிடையாது. ஒரு நகல் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தால் விசாரணையை நிறுத்தி, பிரித்துத் தைத்து வந்த பிறகுதான் தொடர்வார். எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். கேள்வி கேட்டால் "ஆமா, இல்லையா?" என்று முடிப்பார். சிபாரிசு செல்லாது, பெரிய இடத்துப் போன் செல்லாது, காபிகூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் வரும். நேர்மையான மனுஷன். என் வயிற்றெரிச்சலே அதுதான். அயோக்கியராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

சடையங்குப்பத்திலிருந்து அஞ்சலை வந்தது ஒரு மழைக்காலம் முடிந்த சமயத்தில். நாற்பது வயது இருக்கும். மணலிப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவர். புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. படியேறி வந்தவர் என் மேஜைக்கு முன்னால் நின்று ஒரு பாலிதீன் பையைத் திறந்தார்.

"வக்கீலு மேல எய்திக் குடுக்கறது இங்கதானாம்மா?"

உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார். புருஷன் இறந்துவிட்டார். இருப்பது இரண்டு அறை வீடு. புருஷனுடைய அண்ணன் அது தன்னுடையது, காலி செய் என்கிறார். திருவொற்றியூர் கோர்ட்டில் மதியழகன் என்ற வக்கீல் மூலம் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கிறவரை வீட்டில் கை வைக்க முடியாது என்று தைரியமாக இருந்தார். போன வாரம் காலையில் அந்த அண்ணன் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு பூட்டோடு வந்து ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார். உன் பக்கம் யாரும் ஆஜராகவில்லை, உன் வழக்கு தள்ளுபடியாகிப் பதினாலு மாதம் ஆகிறது என்று.

"பதினாலு மாசமா நான் கோர்ட்டுக்குப் போய்கினுதான் கீறேன்மா. இத பாரு."

பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். வாய்தா சீட்டுகள். அந்தப் பக்கத்துக் கோர்ட்டு வாசலில் வக்கீல் பழைய காகிதத்தைக் கிழித்துப் பின்பக்கத்தில் அடுத்த வாய்தா தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். படிக்கத் தெரிந்தவரோ தெரியாதவரோ, அந்தச் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்தத் தேதிக்கு வந்து நிற்பார்கள். வழக்கு உயிரோடு இருப்பதற்கு அவர்களுக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. அஞ்சலையிடம் பதினாலு சீட்டு இருந்தது. எல்லாம் செத்துப்போன வழக்குக்கு எழுதிய தேதிகள். ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மதியழகன் வந்து "ஜட்ஜ் லீவு" என்றோ "வேற தேதி போட்டுட்டாங்க" என்றோ சொல்லி அடுத்த சீட்டைக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. படுபாவி, ஒரு விதவையின் வீட்டில் இப்படி விளையாடுவானா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, டைரியில் ஒவ்வொரு தேதியாகச் சரிபார்த்தேன். அது என் பழக்கம். பத்தாவது சீட்டில் நின்றுவிட்டேன். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை.

"இந்தத் தேதிக்குப் போனீங்களா?"

"போனேனேம்மா. கேட்டு பூட்டிக் கெடந்துது. வாச்மேன் சிரிச்சான். ஞாயித்துக்கெயமைன்னு எனக்கும் தெரியும். வக்கீலே எய்திக் குடுத்துகீறாரே, இஸ்பெசலா எதுனா வச்சிகிறாங்களோன்னு போனேன். மத்தியானம் வரைக்கும் குந்திகினு இருந்தேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் மண்டைக்குள் வேறொன்றும் ஓடியது. பொய் சொல்லிப் பிழைக்கிறவன் காலண்டரைப் பார்த்துச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைக்கு வாய்தா எழுதுகிறவன் புத்தி தெளிவாக இருக்கிற ஆள் கிடையாது. இத்தனை வருடத்தில் எத்தனையோ புரட்டுக் காகிதங்களைப் பார்த்தவள் நான். இது புரட்டுக்காரன் செய்கிற தப்பு மாதிரி தெரியவில்லை.

தலைவரிடம் கோப்பை வைக்கும்போது இதைச் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "கவனக்குறைவும் சேருது. குற்றம் கூடுதே தவிர குறையலம்மா" என்றார். புகாரை ஏற்றுக்கொண்டார்.

முதல் அறிவிப்பு போனது. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. தலைவர் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "கையெழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. வாங்கத் தெரியுது, பதில் எழுதத் தெரியல. திமிர்." நான்காவதை நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்கி வரும்படி உத்தரவானது. எங்கள் உதவியாளர் லீவில் இருந்தார். அவர் குடியிருந்த புளியந்தோப்பு என் வீட்டிலிருந்து பக்கம்தான் என்பதால் சனிக்கிழமை காலையில் நானே போனேன்.

குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. அந்த பிளாக்கில் மதியழகன் வீடு எது என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. "கோட்டு போட்ட வக்கீல் வூடா? மேல போங்க" என்று தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் பெருமையாகக் கை காட்டினார்கள். அந்த பிளாக்கிலேயே முதல் வக்கீல் அவர்தானாம். போகவிருந்த கோட்டு அந்தக் கோட்டுதான்.

மனைவி செல்வி கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் பயப்படவில்லை. யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாங்க மேடம். வந்து இத்தப் பாருங்க."

கதவுக்குப் பின்னால் ஓர் அரிசி மூட்டைப் பை. உள்ளே முழுக்கத் தபால் உறைகள். எங்கள் அலுவலகத்தின் மூன்று உறைகள் மேலாகவே கிடந்தன. கோர்ட்டு உறைகள், வக்கீல் சங்கத்துச் சுற்றறிக்கைகள், ஒரு கல்யாணப் பத்திரிகைகூட. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"வாங்கலன்னா சட்டப்படி தப்பாம். அதனால போஸ்ட்மேன் வந்தா கையெய்த்துப் போட்டு வாங்கிடுறாரு. பிரிக்கச் சொன்னா ஒடம்பே நடுங்குது மேடம். ஒன்ற வருசமா இப்படித்தான். காலைல குளிச்சு, கோட்ட மடிச்சுப் பைல வச்சுகினு கெளம்புறாரு. கோர்ட்டு கேட்டாண்ட வரைக்கும் போறாராம். உள்ள போவ முடியலியாம். எதிர்ல டீக்கடைல குந்திகினு இருந்துட்டு சாய்ங்காலம் வந்துடுறாரு. எனக்கே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

மதியழகன் உள் அறையிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயது. நன்றாகச் சவரம் செய்திருந்தார். என் கையிலிருந்த உறையைப் பார்த்ததும் சுவரோரமாக நகர்ந்தார்.

"உள்ள இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார். "அஞ்சலைக்கா வந்து 'எப்ப வாய்தா'ன்னு கேப்பாங்க. கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சுன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். கை பாட்டுக்குத் தேதி எய்திடும். வூட்டுக்கு வந்து சோறு எறங்காது."

எதனால் இப்படி ஆனது என்று கேட்டேன். ஒருநாள் வாதாடிக்கொண்டிருக்கும்போது அவர் வாயில் 'என்ன'வுக்குப் பதில் 'இன்னா' என்று வந்துவிட்டதாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட, கோர்ட்டே சிரித்ததாம். அதுதான் காரணமா, அதற்கு முன்பே உள்ளுக்குள் இருந்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்றால் நாக்கு எழும்பவில்லை என்றார்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"கீழ்ப்பாக்கம் மெண்டல் ஆஸ்பத்திரிக்குப் போன வக்கீல்னு ஒரு தபா பேர் வந்துட்டா, அப்பால எவன் மேடம் என்கிட்ட வக்காலத்து குடுப்பான்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வக்கீல்கள் அறையில் பாதிப் பேச்சு 'அது கீழ்ப்பாக்கம் கேஸு' என்கிற கேலிதான். ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய உரிமைக்கும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு, தனக்கு மனசு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராது. சொன்னால் அடுத்த நாளே கட்சிக்காரரைக் கொத்திக்கொண்டு போகப் பக்கத்து மேஜைக்காரன் தயார். ஒரு வருடம் மன அழுத்தம் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். டாக்டர் படம் போட்டுப் பேசினார், சால்வை போர்த்தினார்கள், சமோசா கொடுத்தார்கள். யாராவது கேள்வி கேட்கிறீர்களா என்றதற்கு ஒரு கை உயரவில்லை. கூட்டம் முடிந்ததும் மூன்று வக்கீல்கள் தனித்தனியாக என்னிடம் வந்து, "என் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு" என்று சொல்லி டாக்டர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். வெட்கக்கேடு.

உறையைக் கொடுத்து ஒப்புதல் வாங்குவதோடு என் வேலை முடிந்தது. நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. உறையை நானே பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் திரும்பினார்.

"அவ்ளோதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

"நான் இன்னான்னாவோ நெனச்சுகினு இருந்தேன்" என்றவர் தரையில் உட்கார்ந்து அழுதார். செல்வியும் அழுதாள்.

பிறகு அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன். ஆஜராகாமல் போனது என் தவறு, நோயால் நேர்ந்தது, கட்சிக்காரருக்கு எதுவும் தெரியாது என்று அவர் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் தள்ளுபடியான வழக்கைக் கோர்ட்டு மறுபடி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. இதை நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

"அப்டி எய்துனா அதே என் மேல சாட்சி ஆயிடும் மேடம். என் கோட்டு போயிடும்."

செல்விதான் சொன்னாள். "எய்தலன்னா அந்தம்மா வூடு போயிடும்யா."

அடுத்த திங்கட்கிழமையே செல்வி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். விசாரணை நாளன்று மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அந்தச் சீட்டை வெளியே எடுக்காதே, பேர் கெட்டுவிடும் என்று வராந்தாவில் இரண்டு நண்பர்கள் அவரை எச்சரித்ததைக் கேட்டேன். எடுத்துத் தலைவர் முன்னால் வைத்துவிட்டார்.

தலைவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "மூணு தபால் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க. ஆமா, இல்லையா?"

"ஆமாங்க ஐயா."

"படிக்கல."

"படிக்க முடியல ஐயா. நாலாவது, இந்த மேடம் வூட்டாண்ட வந்து படிச்சுக் காட்டுனாங்க. அதனாலதான் இன்னிக்கு வந்து நிக்கறேன்." நன்றியோடு சொன்னார், பாவம். தலைவரின் பேனா நின்றது. அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்தார். என்னைத்தான் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "இந்தத் தேதிகளை எழுதினப்ப நீங்க நோயாளியா, பொய் சொன்னவரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான் ஐயா."

"அப்படி ஒரு பதில் கிடையாது."

ஏன் கிடையாது என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் உண்மையான பதில் அது ஒன்றுதான். பொய் சொன்னார், ஒரு பெண் பதினாலு தடவை வெயிலில் காய்ந்தாள், அதற்குத் தண்டனை வேண்டும். நோயும் இருந்தது, அதற்கு மருந்து வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 'அல்லது' போட்டவர் யார்?

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. கூப்பிடும் முன்பே எழுந்துவிட்டார். "ஐயா, அவுரு ஒடம்பு நல்லாவட்டும், நான் வோணாம்னு சொல்லல. அதுக்குன்னு என்னை ஏமாத்துனது இல்லேன்னு ஆவுமா? மழத்தண்ணி இடுப்பளவு ஏறுனப்பகூட நான் அந்த வூட்ட வுட்டுப் போவலய்யா. எனக்கு வூடு வோணும். பொய்யா தேதி எய்திக் குடுத்த அதே கையால நெசத்த எய்திக் குடுக்கச் சொல்லுங்க."

"அது இந்தக் குழுவின் வேலை இல்லம்மா" என்றார் தலைவர்.

மதியழகன் குழு சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. அதே வாரம் நான்கு பக்கம் பிரமாணப் பத்திரம் எழுதினார், நோய் உட்பட எல்லாவற்றையும். திருவொற்றியூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தது. அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அஞ்சலையின் வழக்கைக் கோர்ட்டு மறுபடி எடுத்துக்கொண்டது. வீட்டில் பூட்டு விழவில்லை. அஞ்சலை வேறு வக்கீலை வைத்துக்கொண்டார். சரியாகத்தான் செய்தார்.

எங்கள் குழு உத்தரவைத் தள்ளி வைத்திருந்தது. இடையில் நான் தலைவருக்கு அரைப் பக்கக் குறிப்பு எழுதினேன். நிறுத்தி வைப்பதாக இருந்தால் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று சேர்த்து எழுதலாம், அவருடைய மற்ற கட்சிக்காரர்களை வேறொரு வக்கீல் ஏற்க ஏற்பாடு செய்யலாம், உத்தரவை நேரில் சொல்லலாம். குறிப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் அழகான கையெழுத்தில் ஒரே வரி: 'இது மருத்துவமனை அன்று.'

கூடவே எனக்கு ஒரு மெமோவும் வந்தது. அறிவிப்பை எதிர்மனுதாரருக்குப் பிரித்துப் படித்துக் காட்டியது எந்த விதியின் கீழ் என்று. விதி ஏதுமில்லை, அவர் படிக்கும் நிலையில் இல்லை என்று பதில் எழுதினேன். இனி இப்படி நடந்தால் நடவடிக்கை என்று எச்சரித்து என் கோப்பில் தைத்தார்கள். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது.

உத்தரவு நான்கு மாதம் கழித்து வந்தது. ஒரு வருடம் தொழில் செய்யக் கூடாது. 'நோய் தவறுக்கு விளக்கமாகலாம், மன்னிப்பாகாது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வருடம் நியாயமான தண்டனைதான். கடைசி வரியைப் படித்ததும்தான் கோப்பை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். 'நகலை எதிர்மனுதாரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புக.'

"சார், அவர் பிரிக்க மாட்டார்" என்றேன்.

"கையெழுத்துப் போட்டு வாங்குவார் இல்லையா? சட்டத்துக்கு அது போதும்."

உறையில் முகவரியை நான்தான் அடித்தேன். பத்து நாளில் அட்டை திரும்பி வந்தது, அதே தெளிவான கையெழுத்து. கோப்பில் தைத்தேன். புளியந்தோப்புக்கு என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் எவ்வளவு நேரம்? இந்தச் சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை என்று நினைத்தேன். செல்வியின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். மெமோ ஞாபகம் வந்தது, ஓய்வூதியம் ஞாபகம் வந்தது. ஊரை இவ்வளவு திட்டுகிற நான் அன்று என்ன கிழித்தேன்?

மாத்திரை அவருக்கு வேலை செய்துகொண்டிருந்தது. எழுந்து நின்று பேச முடிந்தது. தபாலைப் பிரிப்பது மட்டும் இன்னும் முடியவில்லை, அதற்கு நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். உறை வந்ததே செல்விக்குத் தெரியாது. நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், யாரும் அதன் பக்கம் போவதில்லை. ஐந்தாவது வாரம், அடுத்த பிளாக்கில் குடியிருக்கும் ஒருவருக்காக மதியழகன் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக வக்கீலாகத் தாண்ட முடியாத வாசலைத் தாண்டி உள்ளே போய் வாதாடினார். நன்றாகவே வாதாடினாராம். தோற்ற வக்கீல் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டுப் புகார் எழுதினார். தடையை மீறித் தொழில் செய்தார் என்று.

மறுபடி அதே அறை, அதே தலைவர், அதே கடிகாரம். "பக்கம் ஆறு" என்று சொல்லி ஒப்புகை அட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"இது உங்க கையெழுத்து. ஆமா, இல்லையா?"

"என்னுதுதான் ஐயா."

"அப்ப உத்தரவு உங்களுக்குக் கெடச்சிருக்கு." மற்ற இரண்டு பேரும் தலையசைத்தார்கள். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது என்று முடிவானது. செல்வி வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கடைசியா ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று தலைவர் கேட்டார். சொல்வதை எழுதிக்கொள்ள நான் பேனாவை எடுத்தேன்.

மதியழகன் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "மேடம் வந்து படிச்சுக் காட்டுவாங்கன்னு இருந்தேன் ஐயா" என்றார். "போன தபா வந்தாங்களே."

தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். "இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். எழுத வேண்டாம்மா" என்றார்.

நான் எழுதவில்லை.